‘வரி விகிதம் உயராது’ என்கிற பள்ளிக் கடன் பத்திரத்துக்கு ஆம் போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் குடியுரிமை வாங்கிய பிறகு முதல் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. உங்கள் பள்ளி மாவட்டம், அதாவது உங்கள் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, கட்டடங்களுக்காக 30 கோடி டாலருக்கு, அதாவது 300 மில்லியனுக்கு, கடன் பத்திரம் வெளியிட அதில் சம்மதம் கேட்கிறது. தபாலில் வந்த பிரசுரம் ‘வரி விகிதம் உயராது’ என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ‘அத்தனையும் ஏமாற்று, பாரம் நம் தலையில்தான்’ என்கிறார். ‘சொத்து வரியில் ஏற்கெனவே பள்ளிக்குப் பணம் போகிறதே, கட்டடத்துக்கு ஏன் தனியாகக் கேட்கிறார்கள்?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: ஆம் என்று குறியிட்டால் நான் எதற்குச் சம்மதிக்கிறேன், அதில் எது மாவட்டத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும், எது வெறும் வாக்குறுதி?

நான் கணக்காளர். உள்ளாட்சி அமைப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது பல வருடங்களாக என் வேலை, அதில் பள்ளிப் பத்திரக் கணக்குகளும் அடக்கம். வழக்கறிஞர் இல்லை, உங்கள் மாவட்டத்தின் ஆவணங்களையும் பார்த்ததில்லை. அதனால் சட்டத்திலும் கணக்கிலும் உறுதியாக இருப்பதை உறுதியாகச் சொல்கிறேன், என் கருத்து வரும் இடத்தில் கருத்து என்றே சொல்கிறேன்.

நீங்கள் சம்மதிப்பது ஒரு கடனுக்கும், அதைத் திருப்பிக் கட்டுவதற்கான வரிக்கும் சேர்த்து. மாவட்டம் பத்திரத்தை விற்கும். பரஸ்பர நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், தனிநபர்கள் என்று யாராவது வாங்குவார்கள். அந்தப் பணத்தில் கட்டடம் எழும். பத்திரம் வாங்கியவர்களுக்கு அசலும் வட்டியும் சேர வேண்டுமே, அதற்காக மாவட்ட எல்லைக்குள் இருக்கும் எல்லாச் சொத்துகள் மீதும் கவுண்டி (நம் ஊர் மாவட்ட நிர்வாகம் போன்றது) ஒரு கூடுதல் வரி போடும். அந்த வரிப்பணம் பள்ளி நிர்வாகத்தின் கைக்கு வருவதில்லை. கவுண்டி வசூலித்துத் தனிக் கணக்கில் வைத்து, அதிலிருந்துதான் தவணை கட்டப்படுகிறது. கடன் கொடுப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. அதோடு இந்த வட்டிக்கு ஃபெடரல் வருமான வரி பொதுவாகக் கிடையாது. இந்த இரண்டு காரணங்களால்தான் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கிடைக்கும் வட்டியைவிடக் குறைந்த வட்டியில் பள்ளி மாவட்டத்துக்குக் கடன் கிடைக்கிறது.

கட்டடத்துக்கு ஏன் தனியாக என்றால், காரணம் 1978. அந்த வருடம் ஜூன் மாதம் மக்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய ப்ரோபோசிஷன் 13 என்ற முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பீட்டுத் தொகையில், அதாவது வரிக்காகக் கணக்கிடும் சொத்து மதிப்பில், 1 சதவீதம் என்று பூட்டியது. மதிப்பீடும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறும்போதுதான் புது விலைக்கு மாறும். அந்த 1 சதவீதத்தைக் கவுண்டி, நகரம், பள்ளி, தண்ணீர், தீயணைப்பு போன்ற ஒரே பணிக்கென உள்ள சிறப்பு மாவட்டங்கள் எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. பள்ளிக்கு வரும் பங்கும் மாநிலம் தரும் தொகையும் ஆசிரியர் சம்பளம், மின்சாரம், பேருந்து, புத்தகம் என்று அன்றாடச் செலவுக்குப் போய்விடும். ஒரு உயர்நிலைப் பள்ளியைப் புதிதாகக் கட்டுகிற அளவுக்கு அதில் மிச்சம் வராது. 1978க்குப் பின் சில வருடங்கள் உள்ளாட்சிகள் புதிதாக இத்தகைய பத்திரம் வெளியிடவே வழி இல்லாமல் இருந்தது. 1986இல் ப்ரோபோசிஷன் 46 அந்தக் கதவைத் திறந்தது, மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் சம்மதித்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு.

மூன்றில் இரண்டு பங்கு என்ற அந்த நிபந்தனை 1986இல் பிறந்ததல்ல. 1837இல் வந்த நிதி நெருக்கடிக்குப் பிறகு, கால்வாய்க்கும் ரயிலுக்கும் வங்கிக்கும் என்று கடன் வாங்கிக் குவித்திருந்த அமெரிக்க மாநிலங்களில் எட்டு, 1840களின் தொடக்கத்தில் தவணை கட்ட முடியாமல் நின்றன. சுமை மக்கள் தலையில் விழுந்தது. ‘எங்களைக் கேட்காமல் கடன் வாங்காதே’ என்ற விதி அதன் பிறகுதான் பல மாநிலங்களின் அரசியல் சட்டத்தில் ஏறத் தொடங்கியது. நியூயார்க் 1846இல் எழுதியது. கலிஃபோர்னியாவின் 1849 அரசியல் சட்டமே மூன்று லட்சம் டாலருக்கு மேல் மாநிலம் கடன் வாங்க மக்கள் வாக்கு தேவை என்றது. அந்த மூன்று லட்சம் இன்றும் மாறவில்லை. உள்ளாட்சிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்பது 1879 அரசியல் சட்டத்தில் வந்தது. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத்தான் இருக்கும். அகமதாபாத் மாநகராட்சி 1998இல் பத்திரம் வெளியிட்டது, மதுரை 2001இல் சாலைத் திட்டத்துக்காக வெளியிட்டது. இரண்டு ஊரிலும் மக்களிடம் யாரும் வாக்கு கேட்கவில்லை. மன்றத் தீர்மானமும் அரசின் அனுமதியும் போதுமானதாக இருந்தன. அந்த வகையில் உங்கள் கையில் இருக்கும் சீட்டு சாதாரணமானதல்ல என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் சீட்டில் மூன்றில் இரண்டு என்று இருக்காது, 55 சதவீதம் என்றுதான் இருக்கும். 2000 நவம்பரில் வந்த ப்ரோபோசிஷன் 39 பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் மட்டும் தேவையான வாக்கை 55 சதவீதமாகக் குறைத்தது. இந்தச் சலுகைக்கு ஈடாகச் சில கட்டுகளையும் போட்டது. எந்தப் பள்ளியில் என்ன வேலை என்ற பட்டியலை முன்னாலேயே தர வேண்டும். ஆசிரியர், நிர்வாகிகளின் சம்பளத்துக்கோ மற்ற நடைமுறைச் செலவுக்கோ ஒரு காசு தொடக்கூடாது. பணம் செலவாகி முடியும்வரை ஒவ்வொரு வருடமும் இரண்டு தணிக்கை, ஒன்று வரவு செலவுக்கு, இன்னொன்று பட்டியலில் உள்ள வேலைக்குத்தான் பணம் போனதா என்பதற்கு. குறைந்தது ஏழு பேர் கொண்ட மக்கள் மேற்பார்வைக் குழு வேண்டும், அதில் மாவட்ட ஊழியரோ ஒப்பந்ததாரரோ இருக்கக்கூடாது. இவையெல்லாம் சட்டம், மீறினால் வழக்குப் போடலாம். விதி மாறிய பிறகு 55 சதவீதத்தில் வந்த பத்திரங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் நிறைவேறியிருக்கின்றன. நகரங்களின் மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றுக்கு மூன்றில் இரண்டு என்ற பழைய விதியே தொடர்கிறது. வீட்டுவசதிக்கும் பொதுக் கட்டமைப்புக்கும் அதையும் 55 ஆக்கலாமா என்று 2024இல் ப்ரோபோசிஷன் 5 கேட்டபோது மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்போது ‘வரி விகிதம் உயராது’ என்ற வாசகத்துக்கு வருகிறேன், நீங்கள் அதிகம் குழம்பியிருப்பது இங்கேதான். இது பொய் என்று சொல்ல முடியாது. உங்கள் மாவட்டம் பத்து, இருபது வருடங்களுக்கு முன் வாங்கிய பழைய பத்திரக் கடன் மெல்லத் தீர்ந்துகொண்டு வரும். அது தீரத்தீர உங்கள் வரி ரசீதில் அந்த வரியின் விகிதம் இறங்கும். இறங்குகிற அந்த இடத்தில் புதுக் கடனைப் பொருத்தினால் விகிதம் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆக, ‘உயராது’ என்பது உண்மைதான். ‘நீங்கள் இல்லை என்றால் குறையும்’ என்பதும் அதே அளவு உண்மை, பிரசுரத்தில் அது மட்டும் இருக்காது. இன்னொன்று, அவர்கள் சொல்வது விகிதத்தை. விகிதம் மாறாமல் இருந்தாலும், மதிப்பீடு வருடம் 2 சதவீதம் ஏறும்போது நீங்கள் கட்டும் டாலர் ஏறத்தான் செய்யும். சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் பல வருடங்களாக இந்த முறையைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது: பழைய பத்திரம் தீர்ந்த பிறகே புதியதை வெளியிடுவது, விகிதம் 2006இல் இருந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. ஒழுங்காகப் பின்பற்றினால் அது நல்ல நிதிப் பழக்கம் என்பதே என் கருத்து. கட்டடங்கள் பழசாகிக்கொண்டே இருக்கின்றன, அவற்றுக்கான செலவும் ஓயாது. அந்தச் செலவைத் தலைமுறைகளுக்குள் சீராகப் பரப்புவதில் தவறு இல்லை. வரி குறையும் வாய்ப்பு ஒன்று இருந்தது என்பதை மறைப்பதுதான் தவறு.

உங்கள் பங்கு எவ்வளவு என்று பார்ப்போம். 30 கோடி டாலரை 4 சதவீத வட்டியில் 30 வருடத்துக்குச் சம தவணையில் வாங்கினால் வருடத்துக்குச் சுமார் 1.735 கோடி கட்ட வேண்டும். முப்பது வருடத்தில் மொத்தம் 52 கோடி. மாவட்டத்தின் மொத்த மதிப்பீடு 6,000 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு லட்சம் டாலர் மதிப்பீட்டுக்கும் வருடம் 29 டாலர் விழும். உங்கள் வீட்டின் மதிப்பீடு ஒன்பது லட்சமாக இருந்தால் வருடம் சுமார் 260 டாலர். இது நான் வைத்துக்கொண்ட எண்களில் வரும் கணக்கு, உங்கள் மாவட்டத்தின் எண்ணைப் போட்டால் விடை மாறும். கவனிக்க வேண்டியது, சந்தை விலைக்கு இங்கே வேலை இல்லை, மதிப்பீட்டுக்கு மட்டும்தான். உங்கள் வீட்டைப் போன்ற ஒன்றை 1995இல் வாங்கியவருக்கு ப்ரோபோசிஷன் 13 காரணமாக மதிப்பீடு மூன்று லட்சத்துச் சொச்சத்தில் நிற்கலாம். அவர் கட்டுவது தொண்ணூற்றுச் சொச்சம் டாலர். அண்மையில் வீடு வாங்கிய நம்மவர்கள் இந்தக் கடனில் பெரிய பங்கைச் சுமக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசும்போது இது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது, ‘நம் தலையில்’ என்கிறாரே, அந்தப் பாரம் இரண்டு தலைக்கும் சமமாக விழவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் நேரடியாகக் கட்டுவதில்லை, வாடகை வழியாக ஒரு பகுதி அவர்கள் மேலும் விழுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகைக் கட்டுப்பாடு உள்ள வீடுகளில்கூட, இத்தகைய பத்திரங்களுக்கான வரியில் பாதியை வாடகையோடு சேர்த்து வாங்கச் சட்டம் இடம் தருகிறது.

இதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ப்ரோபோசிஷன் 39 வழியாக வந்த பத்திரத்தில், தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலை வரை நடத்தும் ஒருங்கிணைந்த மாவட்டம் என்றால் ஒரு தேர்தலின் பத்திரத்துக்கு லட்சம் டாலருக்கு 60 டாலர். தொடக்க மாவட்டம் தனி, உயர்நிலை மாவட்டம் தனி என்றால் ஒவ்வொன்றுக்கும் 30. சமுதாயக் கல்லூரிக்கு 25. பலர் இதை அசையாத உத்தரவாதம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பத்திரம் வெளியிடும் நேரத்தில் மாவட்டம் போடும் மதிப்பீட்டு முன்கணிப்பின்படி அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் ஊரில் சொத்து மதிப்பு சரிந்தால் தவணை கட்டத் தேவையான விகிதத்தைக் கவுண்டி போட்டே ஆக வேண்டும். கடன் கொடுத்தவரிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் நடந்த ஒரு விபரீதத்தை ஒவ்வொரு வாக்காளரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 2008க்குப் பின் வீட்டு விலை விழுந்தது, மதிப்பீடுகளும் விழுந்தன. மக்கள் ஏற்கெனவே அனுமதித்த பத்திரங்களையே எல்லைக்குள் வெளியிட முடியாமல் பல மாவட்டங்கள் தவித்தன. அப்போது ஒரு வழி காட்டப்பட்டது: இப்போது அசலும் வேண்டாம், வட்டியும் வேண்டாம், எல்லாவற்றையும் சேர்த்துப் பல வருடம் கழித்துக் கட்டுங்கள். வட்டி மேல் வட்டி ஏறிக்கொண்டே போகும் பத்திரம் இது. சான் டியேகோ அருகே பவே பள்ளி மாவட்டம் 2011இல் இப்படிச் சுமார் 10.5 கோடி டாலர் வாங்கியது. திருப்பிக் கட்ட வேண்டியது 98 கோடி டாலருக்கு மேல், முதல் தவணை 2033இல்தான் தொடங்கும். கடன் வாங்கியபோது பள்ளியில் இருந்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் அதைக் கட்டப் போகிறார்கள். வாக்குச்சீட்டில் வட்டி எப்படிச் சேரும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. வாக்காளர்கள் அனுமதித்தது தொகையை, கடனின் வடிவத்தைப் பிறகு பள்ளி வாரியம் தேர்ந்தெடுத்தது. கோபம் கிளம்பிய பிறகு 2013இல் மாநிலச் சட்டமன்றம் விதி போட்டது: திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது, இந்த வகைப் பத்திரம் 25 வருடத்துக்கு மேல் போகக்கூடாது. என்னைக் கேட்டால் நான்கு மடங்கே அதிகம். மேலே போட்ட சம தவணைக் கணக்கில் ஒன்றே முக்கால் மடங்குக்குள் முடிகிறது. இரண்டு மடங்கைத் தாண்டும் எந்தத் திட்டத்துக்கும் காரணம் கேட்க வேண்டும்.

பணம் எப்படிக் கட்டடமாகிறது என்பதிலும் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே பல பத்தாண்டுகளாகப் போதுமான அளவு புதுப் பள்ளிகள் கட்டாமல், ஒரே கட்டடத்தில் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாக மாற்றி மாற்றி வருடம் முழுவதும் வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 1997இல் தொடங்கி 2002, 2004, 2005, 2008 என்று மக்கள் தொடர்ந்து பத்திரங்களுக்குச் சம்மதித்தார்கள். அதில் சுமார் 130 புதுப் பள்ளிகள் எழுந்தன. நெரிசல் மிகுந்த ஏழைப் பகுதிகளின் பிள்ளைகள் தங்கள் தெருவுக்கு அருகிலேயே, மற்றவர்களைப் போன்ற பள்ளி வருடத்தில் படிக்க முடிந்தது. கடன் வாங்கிக் கட்டியதற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியாது. அதே திட்டத்தில்தான் 2010இல் திறந்த ராபர்ட் எஃப். கென்னடி பள்ளி வளாகத்துக்கு 57.8 கோடி டாலர் செலவானது, நாடே பேசியது. 2013இல் அதே மாவட்டம் பத்திரப் பணத்தில் மாணவர்களுக்கு ஐபேட் வாங்கத் தொடங்கி, சர்ச்சை வெடித்து, அடுத்த வருடம் ஒப்பந்தத்தை நிறுத்தியது. மூன்று நான்கு வருடத்தில் பழசாகும் கருவியை இருபது முப்பது வருடக் கடனில் வாங்குவது, தின்று முடித்த சாப்பாட்டுக்குப் பேரன் காலம் வரை தவணை கட்டுவது போன்றது. அதனால் உங்கள் மாவட்டத்தின் பட்டியலில் ‘தொழில்நுட்பம்’ என்ற சொல் வந்தால் நிதானியுங்கள். சுவருக்குள் போகும் வயரிங் என்றால் சரி, கையில் பிடிக்கும் கணினி என்றால் குறுகிய காலப் பத்திரத்தில் வாங்குவார்களா என்று கேளுங்கள். சில மாவட்டங்கள் அப்படித் தனியாகப் பிரித்து வெளியிடுகின்றன, அது முறை.

எது பத்திரத்துக்கு உரிய செலவு என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனை நல்ல உதாரணம். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு, தீவிர சிகிச்சை தரும் மருத்துவமனைகள் பெரிய நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. பழைய கட்டடம் அந்த அளவுக்குத் தேறாது. 2008 நவம்பரில், நாடு நிதி நெருக்கடியில் தத்தளித்த நேரத்தில், 88.74 கோடி டாலர் பத்திரத்துக்கு நகர மக்கள் 80 சதவீதத்துக்கும் மேல் ஆம் என்றார்கள். 2016இல் புதுக் கட்டடம் திறந்தது. உள்ளே வைக்கும் கருவிகளுக்கும் தளவாடங்களுக்கும் வேறு வழியில் பணம் தேட வேண்டியிருந்தது, மார்க் சக்கர்பெர்க் தம்பதி தந்த 7.5 கோடி டாலர் அதற்குப் பயன்பட்டது. நீண்ட காலம் நிற்கும் கட்டடத்துக்கு நீண்ட காலக் கடன், வேகமாகத் தேயும் பொருளுக்கு வேறு பணம் என்ற பிரிவினை அங்கே தெளிவாக இருந்தது. பள்ளிகளுக்கும் இந்த நிலநடுக்கக் கணக்கு உண்டு. 1933 மார்ச் 10 மாலையில் லாங் பீச் நிலநடுக்கம் பல பள்ளிக் கட்டடங்களைத் தரைமட்டமாக்கியது, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்ட நேரம் என்பதால் பேரழிவு தவிர்ந்தது. ஒரே மாதத்தில் ஃபீல்ட் சட்டம் வந்தது. அன்றிலிருந்து இங்கே பொதுப் பள்ளிக் கட்டடம் ஒவ்வொன்றின் வரைபடத்தையும் மாநில அலுவலகம் சரிபார்த்து, கட்டும்போதும் கண்காணிக்கிறது. பள்ளிக் கட்டடத்தின் விலை உங்கள் வீட்டு விலைக்கு ஒப்பிட முடியாதபடி இருப்பதற்கு இது ஒரு காரணம்.

புதுக் கட்டடம் வந்தால் படிப்பு உயருமா என்றால், இங்கே உறுதி குறைகிறது. கலிஃபோர்னியப் பத்திரத் தேர்தல்களில் மயிரிழையில் வென்றவற்றையும் தோற்றவற்றையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பத்திரம் நிறைவேறிய ஊர்களில் வீட்டு விலை தெளிவாக உயர்ந்ததைக் கண்டது. தேர்வு மதிப்பெண்ணில் அவ்வளவு தெளிவான உயர்வு தெரியவில்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்ட பிந்தைய ஆய்வு, எதில் செலவழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்கிறது: காற்றோட்டம், குளிர்சாதனம், நச்சுப் பொருள் நீக்கம் போன்றவை மதிப்பெண்ணை உயர்த்தின, விளையாட்டு அரங்குகள் வீட்டு விலையை மட்டும் உயர்த்தின. இதைக் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் மாவட்டத்தின் பட்டியலைப் படிக்கும்போது கூரை, குழாய், மின்சாரம், காற்று ஆகியவை முன்னால் இருக்கின்றனவா, அரங்கம் முன்னால் இருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

எனக்கு மனதில் உறுத்தும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சம்பளத்துக்கும் நடைமுறைச் செலவுக்கும் ஏழை மாவட்டம், பணக்கார மாவட்டம் என்ற இடைவெளியைக் குறைக்க 1971இல் செரானோ வழக்கின் தீர்ப்பிலிருந்து இந்த மாநிலம் நிறையச் செய்திருக்கிறது. கட்டடத்தில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. ஒரு மாணவருக்கு எவ்வளவு சொத்து மதிப்பு பின்னால் நிற்கிறது என்பதே எவ்வளவு கடன் வாங்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த ஊர் லட்சத்துக்குப் பத்து டாலரில் திரட்டுவதை, மத்தியப் பள்ளத்தாக்கின் விவசாய ஊர் அறுபது டாலர் போட்டாலும் திரட்ட முடியாது. உள்ளூர் போடும் பணத்தோடு சேர்த்து மாநிலம் தரும் தொகையும், தன் பங்கை முதலில் திரட்டிய மாவட்டத்துக்குத்தான் சுலபமாகக் கிடைத்து வந்தது. 2024 நவம்பரில் நிறைவேறிய மாநிலப் பத்திரமான ப்ரோபோசிஷன் 2, 1,000 கோடி டாலர், ஏழை மாவட்டங்களுக்குச் சற்றுக் கூடுதல் பங்கு தருகிறது. போதாது என்றே நினைக்கிறேன். மாநிலப் பத்திரமும் உங்கள் ஊர்ப் பத்திரமும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாநிலப் பத்திரத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு போதும், அதன் தவணை மாநிலப் பொது நிதியிலிருந்து போகிறது, உங்கள் சொத்து வரி ரசீதில் வராது. 2020 மார்ச்சில் 1,500 கோடி டாலருக்கு வந்த மாநிலப் பள்ளிப் பத்திரம் தோற்றது. அதற்கும் தற்செயலாக ப்ரோபோசிஷன் 13 என்றே எண் விழுந்திருந்தது, 1978இன் வரிச் சட்டத்தோடு பலர் குழப்பிக்கொண்டார்கள்.

பிரசுரம் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். பள்ளி மாவட்டம் பொதுப் பணத்தில் ‘ஆம் போடுங்கள்’ என்று பிரசாரம் செய்யக்கூடாது என்பது 1976இலேயே மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம். தகவல் தரலாம், வாக்கு கேட்கக்கூடாது. பிரசாரக் குழு தனி, அதற்குப் பணம் பெரும்பாலும் கட்டுமான நிறுவனங்கள், கட்டட வரைஞர்கள், பத்திரம் விற்றுத் தரும் நிதி நிறுவனங்கள் ஆகியோரிடமிருந்து வருகிறது. அதனாலேயே திட்டம் கெட்டது என்று ஆகிவிடாது. வேலை கிடைக்கப்போகிறவர்கள் எழுதிய வாசகம் என்று தெரிந்துகொண்டு படித்தால் போதும். படிக்க வேண்டியது வேறு. கவுண்டி அனுப்பும் வாக்காளர் கையேட்டில் உங்கள் மெஷரின், அதாவது வாக்குக்கு விடப்பட்ட இந்த முன்மொழிவின், முழு வாசகமும், கவுண்டி வழக்கறிஞரின் நடுநிலை விளக்கமும், வரி விகித அறிக்கையும் இருக்கும். அந்த அறிக்கையில் சராசரி விகிதம், மிக அதிகமாகப் போகக்கூடிய விகிதம், கடைசி வருடம், அசலும் வட்டியும் சேர்ந்த மொத்தத் தொகை நான்கையும் மதிப்பிட்டுச் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மொத்தத் தொகையை 30 கோடியால் வகுத்துப் பாருங்கள். முழு வாசகத்தில் ஒவ்வொரு பள்ளியின் பெயரும் வேலையும் இருக்கிறதா, ‘எல்லாப் பள்ளிகளிலும் எல்லா மேம்பாடுகளும்’ என்று ஒரே போர்வையாகப் போர்த்தியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் நிச்சயம் நடக்கும் என்று சட்டம் சொல்வதில்லை, பட்டியலில் இல்லாததைச் செய்யக்கூடாது என்றுதான் சொல்கிறது.

நிறைவேறினாலும் 30 கோடியும் ஒரே நாளில் வராது. வரிச் சலுகை உள்ள பத்திரத்தை விற்றால் அதில் 85 சதவீதத்தையாவது மூன்று வருடத்துக்குள் செலவழிப்போம் என்று நியாயமாக எதிர்பார்க்கும் நிலை இருக்க வேண்டும் என்பது ஃபெடரல் வரி விதி. அதனால் சீரிஸ் ஏ, சீரிஸ் பி என்று பல வருடங்களில் பிரித்து விற்பார்கள். ஒவ்வொரு விற்பனையின்போதும் வட்டி, காலம், வடிவம் எல்லாம் வாரியக் கூட்டத்தில் புதிதாக முடிவாகும். மேற்பார்வைக் குழுவுக்கு எந்தக் கட்டடம் கட்டுவது என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. செலவான பணத்தைப் பார்க்கலாம், தளத்துக்குப் போகலாம், மக்களிடம் சொல்லலாம். நான் பார்த்த அளவில் நல்ல குழுவுக்கும் பெயருக்கு இருக்கும் குழுவுக்கும் உள்ள வேறுபாடு, கட்டுமானம் அல்லது கணக்கு தெரிந்த ஒருவராவது அதில் உட்கார்ந்து மாற்று ஆணைகளைப் பற்றிக் கேள்வி கேட்கிறாரா என்பதுதான். ஒப்பந்தம் போட்ட பிறகு வேலை நடக்கும்போது ‘இது கூடுதல், அது கூடுதல்’ என்று ஏறும் தொகை அங்கேதான் தெரியும். பல மாவட்டங்களில் அந்தக் குழுவின் இருக்கைகள் காலியாகவே கிடக்கின்றன. பெற்றோருக்கு என்றே அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, வருடத்துக்குச் சில கூட்டங்கள், அவ்வளவுதான்.

உங்கள் மாவட்டம் முன்பே பத்திரம் வெளியிட்டிருந்தால், அந்தப் பழைய பத்திரத்தின் தணிக்கை அறிக்கையும் மேற்பார்வைக் குழுவின் ஆண்டறிக்கையும் இணையதளத்தில் இருக்க வேண்டும். சொன்ன வேலையை முடித்தார்களா என்று அதில் தெரியும். முடித்திருந்தால், புதுப் பட்டியலில் கூரையும் குழாயும் முன்னால் இருந்தால், திருப்பிக் கட்டும் தொகை இரண்டு மடங்குக்குள் இருந்தால், நான் ஆம் போடுவேன். அறிக்கைகளையே காணோம் என்றால் இல்லை என்று போடுவேன். தோற்றால் வானம் இடிந்து விழாது, திருத்திக்கொண்டு அடுத்த தேர்தலில் அவர்கள் மறுபடி வரலாம், பல மாவட்டங்கள் அப்படி வந்து வென்றிருக்கின்றன. வரி விகித அறிக்கையில் உள்ள அந்த நான்கு எண்களையும் உங்கள் மாவட்டத்தின் மொத்த மதிப்பீட்டையும் இங்கே எழுதுங்கள், உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.